நாலாவது கால்

வரைதல் என்று பாடப்புத்தகம் சொல்லும்.
எங்கள் ஊரில் கீறுதல்.
உப்புப் போட மீனைக் கீறுவதும்
அதே சொல்தான்.
பதினொரு வருடமாகக் கீறித்தான் சம்பாதிக்கிறேன்.

முதல் வேலை உப்புவெளியில்.
ஹோட்டல் மனேஜர் ருவன் போனை நீட்டினார்:
இதே மாதிரி, இதே நீலம்,
பன்னிரண்டு அறை, பன்னிரண்டு திமிங்கிலம்.
கீறினேன்.
வால் தூக்கிய பன்னிரண்டும்
யாரோ ஒருவருடைய கடலில் நீந்தின.
காசு சரியாக வந்தது.
தவநிதி பார்த்துவிட்டு, பாராட்டாகத்தான்,
"சோக்கா இருக்கடி, கடையில வாங்கின மாதிரி" என்றாள்.

அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்.
இறங்கியது. சூடைமீன் பொரியல்.
கை கழுவும்போதுதான்
இது ஆருடைய கை என்று ஒரு யோசனை.

பிறகு பாணி தேடிய காலம்.
சொல்ல வெட்கம்.
ஒரு மாதம் தடித்த கோடு.
ஒரு மாதம் முகங்களுக்குக் கண் வைக்கவில்லை.
மச்சம் விலக்குவது மாதிரி மஞ்சளை விலக்கினேன்.
பெயரின் முதலெழுத்தைச் சுழித்துச் சுழித்துக்
கையொப்பம் மட்டும் அழகானது;
அதற்கு மேலே படம் இல்லை.

கோட்டை வாசலில் மான்கள்.
இந்த ஊர் மானுக்குக் காடு தெரியாது,
பஸ் ஸ்ராண்ட் தெரியும்,
மரக்கறிக் கடை எத்தனை மணிக்குக் கழிவு கொட்டும் என்பது தெரியும்.
வேலைக்கு இல்லை, சும்மா,
பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் கீறினேன்.
காதில் தொடங்குவேன். கழுத்து வரும், முதுகு வரும்.
வயிற்றுக்கு வரும்போது மான் போய்விடும்.
ஆட்டோ ஹோர்ன், எங்கோ விழுந்த பாண் துண்டு,
ரியூஷன் விட்டு ஓடிவரும் பிள்ளைகள்,
ஏதோ ஒன்று.
நூற்றுச் சொச்சம் மான். ஒன்றுக்கும் கால் இல்லை.
புள்ளிகளை மட்டும் பிறகு, நினைவில் வைத்து,
தேவைக்கு மேலேயே போட்டேன்.

பேக்கரி லேபிளுக்கென்று வந்த கிண்ணியா பர்ஸானா
முற்பணத்துக்குச் சீட்டுக் கேட்டார்.
கிழித்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார்.
"இது ஆரு கீறின?"
நான்.
"அப்ப இவ்வளவு நேரமும் காட்டினது?"
அதற்கு எனக்குப் பதில் இல்லை.
இன்னும் கால் முடியவில்லை என்றேன்.
"முடிக்க வேணாம். பிஸ்கட் பெட்டி விளிம்பில நிக்கட்டும்."

இப்போது ஊருக்கு என்னைத் தெரியும்.
கால் இல்லாத மான், கால் இல்லாத காகம்,
அடிப்பாகம் இல்லாத வள்ளம்.
நீங்கள் கீறினதுதானே என்று
மருந்துக்கடையில் கேட்கிறார்கள்.
விலையைக் கூட்டினேன். தவணைக்கு ஒரு ஸ்கேனர்.
ருவன்கூடப் போன் எடுத்தார்,
பழைய திமிங்கிலங்களைக் கழற்றிவிட்டாராம்,
"உங்கட மாதிரி" பன்னிரண்டு வேணுமாம்.

உங்கட மாதிரி.
மாசி மாதம், இரவு இரண்டு மணி,
ஒன்பதாவது திமிங்கிலத்தின் வயிற்றில்
கை தானாக நின்றது.
ஆர் கலைத்தது?
நடுக்கடலில் ஏது ஆட்டோ ஹோர்ன்?
எட்டாம் வகுப்பில் பக்கத்து வாங்குக் கோமளரூபியைப்
பார்த்து எழுதிய மாதிரி
என்னையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டையும் முடித்துக் கொடுத்தேன். தவணை இருந்தது.

இன்று நாலரை மணி.
கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி, கோட்டைக்குள்.
ஒரு பெண்மான் லஞ்ச் ஷீட் ஒன்றை மென்றபடி
அசையாமல்.
காது முடிந்தது. கழுத்து. முதுகு. வயிறு.
நிற்கிறது.
நாலு காலும் வெயிலில், குளம்பில் சேறு,
முழங்கால் நான் நினைத்திருந்த பக்கம் மடியவில்லை.

பென்சில் வழக்கமான இடத்தில் நின்றது.
தள்ளினேன்.
மூன்று ஒருவாறு வந்தது.
நாலாவது பிழைத்தது.
அழிக்கவில்லை.
பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.
லஞ்ச் ஷீட்டும் பாதிதான் முடிந்திருந்தது.